முகமூடியின் பின்புறம்

ஓசூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். இயந்திர உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பொறுப்பான உத்தியோகம். சந்திரசூடேசுவரர் மலை தெரிகிற மாதிரி ஜன்னல் வைத்து வீடு கட்டிக் குடியிருக்கிறார். நல்ல வாசகர். என் நாவல்களில் மூன்றைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவர். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அவர் வீட்டுக்கு அடிக்கடி போவதுண்டு என்று சொன்னால் அவர் கோபித்துக் கொள்ளமாட்டார்.

சென்ற தடவை போயிருந்தபோது அவர் வீட்டுக் கூடத்தில் புதிதாக ஒரு முகம் இருந்தது. மரத்தில் செதுக்கிய முகம். வெள்ளைக்கும் பச்சைக்கும் இடைப்பட்ட ஒரு நிறம்; வில் மாதிரி மெல்லிய கறுப்புப் புருவம்; சற்றே திறந்த உதடுகளுக்கு நடுவே சிப்பியில் இழைத்த பற்கள். சிரிக்கிறதா, சிரிக்கப் போகிறதா என்று நிச்சயிக்க முடியாத ஒரு முகம். பலித் தீவில் மாஸ் என்கிற கிராமத்தில் வாங்கினாராம். அந்த ஊர்ப் பெயருக்குத் தங்கம் என்று அர்த்தம். விலையும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்திருக்கும் போலிருக்கிறது. அதை அவர் தம் மனைவிக்கு எதிரில் சொல்ல விரும்பவில்லை.

"என்ன களை பார்த்தீர்களா, ஸார்! நம் பக்கத்தில் இப்படி ஒரு முகம் செதுக்க ஆள் உண்டா? இதைப் பற்றி நீங்கள் அவசியம் எழுத வேண்டும்" என்றார்.

எழுதுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரி எழுத முடியுமா என்பது சந்தேகம்தான்.

முதலில் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். முகமூடி என்ற சொல்லையே நாம் வசவாகத்தான் உபயோகிக்கிறோம். கொள்ளைக்காரன் முகமூடி போடுகிறான். அரசியல்வாதி எதிரியின் முகமூடியைக் கிழிப்பதாகச் சவால் விடுகிறார். ‘வேஷம் போடுகிறான்’ என்றால் பொய்யன் என்று பொருள். நாவலாசிரியர்களான நாங்களும் இந்தப் பழக்கத்துக்கு விலக்கல்ல. கௌரவமான ஒரு மனிதரை முதல் அத்தியாயத்தில் கொண்டு வந்து நிறுத்தி, கடைசி அத்தியாயத்துக்குள் அவருடைய வேஷத்தைக் கலைத்து உள்ளே இருக்கும் அசல் மனிதனைக் காட்டிவிட்டால் பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக் கொள்கிறோம். விமரிசகர்களும் அதை ‘மனத்தின் ஆழத்தைத் தொட்டுவிட்டார்’ என்று எழுதுகிறார்கள். முகத்துக்குப் பின்னால்தான் உண்மை இருக்கிறது, முகம் அதை மறைக்கிறது என்பது எங்கள் தொழிலின் முதல் நம்பிக்கை.

இந்த நம்பிக்கையுடன் பலித் தீவு முகமூடியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அங்கே முகமூடி எதையும் மறைப்பதற்காக ஏற்பட்டதல்ல. தோபெங் என்று ஒரு நாடகம் அங்கே உண்டு. அரச வம்சங்களின் பழைய சரித்திரக் கதைகளைக் கோயில் திருவிழாவிலும், வீட்டுச் சடங்குகளிலும் ஆடிக் காட்டுவார்கள். அதில் ஒரு வகையில் ஒரே ஓர் ஆட்டக்காரர்தான். முரட்டு மந்திரி, தள்ளாடும் கிழவர், அரசர், கோமாளி என்று ஒவ்வொரு முகமாக எடுத்து அணிந்து, அத்தனை பேரையும் அவர் ஒருவரே ஆடி முடிப்பார். முழு முகத்தையும் மூடும் முகமூடி அணிந்த அரசர் வாய் திறந்து பேச முடியாது. அவருக்காக அரை முகமூடி அணிந்த வேலைக்காரன் பேசுவான். சமயத்தில் அவரைக் கேலியும் செய்வான். நம் கூத்தில் கட்டியங்காரன் செய்கிற உத்தியோகம்தான். கடைசியில் வருகிற முகத்துக்குச் ‘சித கார்ய’ என்று பெயர். காரியம் சித்தியாயிற்று என்று அர்த்தம். அந்த முகம் வந்து ஆடினால்தான் சடங்கு பூர்த்தியாகும்.

கிழவர் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அதை அணிந்து ஆடுகிறவர் கிழவராக இருக்கமாட்டார். உட்கார்ந்து எழுந்திருக்கத் தெம்பில்லாமல், மூச்சு வாங்கிக் கொண்டு, தம் இளமைக்கால மிடுக்கு திடீரென்று ஞாபகம் வந்து இரண்டு அடி ஜோராக வைத்து, மறுபடி இடுப்பைப் பிடித்துக் கொள்வார். மரம் மாறுவதில்லை. செதுக்கியபோது வந்த சுருக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் அந்த முகத்தில் துக்கம் தெரிகிறது. நிமிர்த்தினால் பழைய கர்வம் தெரிகிறது. அதை நாம்தான் பார்க்கிறோம். முகம் கொஞ்சம்தான் சொல்கிறது. கழுத்தும் தோளும் விரலும் மீதியைச் சொல்கின்றன. இன்னும் மீதி இருப்பதைப் பார்க்கிறவன் போட்டுக் கொள்கிறான். நல்ல செதுக்குக்காரர் இந்த இடத்தை விட்டுவைத்துச் செதுக்குகிறார். என் நண்பர் வீட்டு முகத்தில் சிரிப்பு நிச்சயமில்லாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். அது ஆடுகிறவனுக்காக விட்டுவைத்த இடம்.

மரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பூலே என்று அவர்கள் சொல்கிற மரம் வேறொன்றுமில்லை, நம் ஏழிலைப்பாலைதான். சாலையோரங்களில் நிழலுக்கு நட்டிருப்பார்கள். ஐப்பசி கார்த்திகை இரவுகளில் தலைவலி வருகிற அளவுக்கு மணக்கும். பேய் குடியிருக்கும் மரம் என்று நம்மவர்கள் ராத்திரியில் அதன் கீழே படுக்கமாட்டார்கள். பலித் தீவுக்காரர்களும் அதில் ஏதோ குடியிருப்பதாகவே நினைக்கிறார்கள். ஆனால் அவர்கள் பயந்து ஓடுவதில்லை. தெய்வ முகம் செய்வதானால் நல்ல நாள் பார்த்து, படையல் வைத்து, மரத்திடம் அனுமதி கேட்டு, நின்றுகொண்டிருக்கும் மரத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொள்வார்கள். பன்றி எலும்பைச் சுட்டரைத்த வெள்ளையையும், விளக்குக் கரியையும், சிவப்புக்குச் சீனத்துச் சாயத்தையும் குழைத்துப் பூச்சின்மேல் பூச்சாகப் பல தடவை பூசுவார்கள். பூசி முடித்ததும் பூஜை செய்து அதற்கு உயிர் கொடுக்கிற சடங்குக்குப் ‘பசுபதி’ என்று பெயர். அதன் பிறகு அந்த முகத்தைச் சுவரில் மாட்டும் வழக்கம் கிடையாது. துணியில் சுற்றிக் கூடையில் வைப்பார்கள், கோயிலில் வைப்பார்கள், ஆடும்போது எடுப்பார்கள்.

இதே பாலைக்கு வைத்தியர்கள் தெரிந்து வைத்திருக்கிற தாவர சாஸ்திரப் பெயரில் பள்ளிக்கூடத்துச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. முற்காலத்தில் பிள்ளைகள் எழுதிப் பழகும் பலகை இந்த மரத்தில் செய்ததால் வந்த பெயர் அது. எழுத்துக்கும் முகத்துக்கும் ஒரே மரம். எழுதிப் பிழைக்கிற எனக்கு இதைப் படித்தபோது உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டாயிற்று.

அப்படியானால் என் நண்பர் வாங்கி வந்தது என்ன? அதுவும் மாஸ் கிராமத்துக் கைவேலைதான்; போலி அல்ல. ஆனால் 1930-க்குப் பிற்பாடு ஐரோப்பிய உல்லாசப் பிரயாணிகள் அந்தத் தீவுக்குக் கும்பல் கும்பலாக வரத் தொடங்கினார்கள். 1931-ல் பாரிஸ் நகரத்துக் குடியேற்ற நாடுகள் பொருட்காட்சியில் பலித் தீவு நாட்டியம் நடந்தது; அதைப் பார்த்த ஆர்தோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர், ஐரோப்பிய நாடகமே பேச்சில் மூழ்கிச் செத்துவிட்டது என்று வாதாடுகிற அளவுக்குப் போய்விட்டார். புகழ் பரவிற்று. வந்தவர்கள் ஊருக்கு எடுத்துப் போக ஏதாவது வேண்டுமென்றார்கள். செதுக்குகிறவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆடுவதற்கு ஒரு முகமும் மாட்டுவதற்கு நூறு முகமுமாகச் செதுக்கத் தொடங்கினார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பத்திரிகைக்கு வாரம் ஓர் அத்தியாயம் தருகிற நான் அதைக் குற்றமென்று சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

‘நம் பக்கத்தில் உண்டா?’ என்று நண்பர் கேட்டாரே, அதற்குப் பதில் உண்டு. தஞ்சாவூர் ஜில்லா மெலட்டூரில் ஒவ்வொரு வருஷமும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பாகவத மேளா நடக்கிறது. வேங்கடராம சாஸ்திரியார் தெலுங்கில் இயற்றிய பிரகலாத நாடகத்தில் நரசிம்மர் அணியும் முகம் வருஷம் முழுவதும் பூஜையில் இருக்கிறது. அதை அணிகிறவர் உபவாசம் இருந்துதான் அணிய வேண்டும். அணிந்த பிறகு ஆவேசத்தில் அவரைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே டீக்கடையில் புழங்குகிற ஓசூர்க்காரர்களுக்கு அந்த நாடகத்தின் பாஷை தஞ்சாவூர்க்காரர்களைவிட நன்றாகவே விளங்கும். எல்லையைத் தாண்டிப் பழைய மைசூர்ப் பக்கம் போனால் ‘சோமன குணித’ என்று ஓர் ஆட்டம். கிராம தேவதைக்குக் காவலாக, மரத்தில் செதுக்கிய பெரிய சிவப்பு முகங்களைச் சுமந்து கொண்டு ஆடுகிறார்கள். இலங்கையில் அம்பலாங்கொடைப் பக்கத்துச் சிங்களவர்களின் முகமூடி ஆட்டத்துக்குக் ‘கோலம்’ என்றே பெயர். அந்தச் சொல் நமக்கு அந்நியமில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? கிருஷ்ணகிரி ஜில்லாவிலேயே சித்திரை வைகாசியில் திரௌபதியம்மன் கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கிறது. பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் களிமண்ணில் படுத்துக் கிடக்கிற ராட்சத துரியோதனனைப் பீமன் வதம் செய்கிற படுகளம். கூத்தாடிகள் மர முகம் அணிவதில்லை, அரிதாரம்தான். ஆனால் அந்த முகத்தைச் சுற்றிக் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம் என்று எல்லாம் மரம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வர்ணக் காகிதமும் ஒட்டியது. ‘கட்டை’ என்று அதற்குப் பெயர். அதை அணிகிற கூத்துக்குக் கட்டைக்கூத்து என்று பெயர் வந்ததும் இதனால்தான்.

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் உற்சாகமாகி விட்டார். சூளகிரிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் அன்று ராத்திரி ‘பகடை துகில்’ என்று கேள்விப்பட்டு இருவரும் அவருடைய காரில் கிளம்பினோம். கிளம்பும்போது அவர் சுவரிலிருந்து முகமூடியைக் கழற்றி, துண்டில் சுற்றி, பையில் வைத்துக் கொண்டார். கூத்தாடிகளுக்குக் காட்டவேண்டுமாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பத்துக்கு மேல். கோயிலுக்கு எதிரே டியூப் லைட் வெளிச்சத்தில் ஜனங்கள் ஜமக்காளமும் கோணியும் விரித்து இடம் பிடித்திருந்தார்கள். கொட்டகைக்குப் பின்னால் வேஷக்காரர்கள் முகம் எழுதிக் கொண்டிருந்தார்கள். துச்சாதனன் வேஷக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பாதி முகத்தில் சிவப்பு ஏறியிருந்தது. எங்களைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்று, "வாங்க சார்" என்று என் நண்பரைப் பார்த்துச் சொன்னார். நண்பருக்கு அவரைத் தெரியவில்லை. அப்புறம்தான் விஷயம் வெளிவந்தது. நண்பருடைய தொழிற்சாலையிலேயே காண்டிராக்டில் கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவர். நாலு வருஷமாக. "ராத்திரி ஷிப்டை மாத்திக் கேட்டுட்டு வந்தேன் சார்" என்றார். நண்பர் பதில் சொல்லாமல் பையை அவிழ்ப்பதில் மும்முரமானார்.

துண்டை விலக்கி முகமூடியை அவர் கையில் கொடுத்தார். கூத்தாடி அதன் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தார். உடனே திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தார். விரலை விட்டு உட்குழிவைத் தடவினார். பிறகு தம் முகத்துக்கு எதிரே, அரிதாரம் படாமல் பிடித்துக்கொண்டு, கண் வைத்துப் பார்த்தார்.

"கண்ணு தொறக்கலையே சார்?"

உண்மைதான். கண்மணி இருக்கும் இடத்தில் கறுப்பு வர்ணம் இருந்ததே தவிர, துளை இல்லை. மூக்கு வைக்க இடமில்லை. தலையோடு கட்ட வார் கோக்கும் துளைகளும் இல்லை; சுவரில் மாட்ட ஒரு வளையம் மட்டும் இருந்தது. ஒரு மாசமாகத் தினம் பார்த்துக்கொண்டிருந்த நண்பரும் சரி, அதைப் பற்றிக் கட்டுரை எழுத உத்தேசித்திருந்த நானும் சரி, அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

"பார்க்கிறதுக்கு ரொம்ப அழகா இருக்கு சார். கை வேலை சுத்தம். ஆனா ஆடறதுக்கு ஆகாது" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, எங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, தம்முடைய கிரீடத்தை எடுத்துக் காட்டினார். முன்பக்கத்தில் பாதிக் கண்ணாடித் துண்டுகள் உதிர்ந்து, அந்த இடத்தில் சாக்லெட் காகிதம் ஒட்டியிருந்தது. பெரிய கலைப் பொருள் என்று சொல்ல முடியாது. பின்பக்கம் வேறு மாதிரி இருந்தது. வியர்வை பட்டுப் பட்டுத் தேக்கு மாதிரி கறுத்து, நெற்றி படும் இடத்தில் வழவழவென்று தேய்ந்து, பழைய வேட்டிக் கிழிசலைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தது. "எங்க பெரியப்பா கட்டினது. அவரு தலை பெரிசு. எனக்குத் துணி வெச்சுக் கட்டிக்கிறேன்" என்றார்.

நடுநிசிக்கு மேல் அவர் வந்தார். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்டது. முகவீணை உச்சத்துக்குப் போயிற்று. திரைக்கு மேலே அந்தக் கிரீடத்தின் நுனி மட்டும் ஆடிற்று. திரை விலகினபோது சாக்லெட் காகிதம் இருந்த இடமே தெரியவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த குழந்தை தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக் கொண்டது. ஒரு மணி நேரம் அவர் சபையை அதம் செய்தார். திரௌபதியின் சேலையில் கை வைக்கவேண்டிய கட்டம் வந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார். கர்ப்பூரம் ஏற்றினார்கள். கடைசல் இயந்திரம் ஓட்டுகிற துச்சாதனன், சேலை கட்டிய அந்த ஆண்பிள்ளைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக் கொண்டு கும்பிட்டார். ஜனங்களும் எழுந்து கும்பிட்டார்கள். பிறகு சேலையில் கை வைத்தார்.

ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அங்கிருந்து வெகு தூரமில்லை. அவருடைய ‘வியாசர் விருந்’தில்தான் என் தலைமுறையில் பலர் இந்தக் கதையைப் படித்தோம். தெளிவான வசனம். துச்சாதனன் செய்தது அக்கிரமம் என்று தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த அக்கிரமத்தைச் செய்கிற ஆள் தான் செய்யப் போவதற்காக முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிறகும் அதைச் செய்தே தீரவேண்டியிருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் வேஷத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. அவரைவிட வேஷம் பெரிசு. பெரியப்பாவின் கிரீடத்துக்குத் துணி சுற்றிக்கொள்கிற மாதிரி, தம்மால் எட்டுகிற மட்டும் எட்டிப் பிடிக்கிறார். நாலு வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்தும் நண்பருக்குத் தெரியாத மனிதரை நாங்கள் பார்த்தது அரிதாரத்தைக் கலைத்தல்ல, போட்ட பிறகுதான்.

லத்தீன் பாஷையில் முகமூடிக்குப் ‘பெர்ஸோனா’ என்று பெயர்; ஆங்கிலேயர் மனிதனுக்குச் சொல்கிற சொல் அதிலிருந்துதான் வந்தது. நாம் கதாபாத்திரம் என்கிறோம். பாத்திரம் என்றால் ஏனம். இரண்டுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: இரண்டும் உள்ளே குழிவானவை. குழிவு இல்லாவிட்டால் ஒன்றில் முகம் வைக்க முடியாது. மற்றொன்றில் தண்ணீர் மொள்ள முடியாது. நாவலில் வருகிற மனிதர்களை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்பக்கம் எவ்வளவு இழைத்திருக்கிறது, புருவம் எவ்வளவு நுட்பம் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். படிக்கிறவன் அதைத் திருப்பித் தன் முகத்தை அதற்குள் வைத்துப் பார்க்க இடம் இருக்கிறதா? கண் திறந்திருக்கிறதா? ஆசிரியர் எல்லாவற்றையும் தாமே சொல்லி, மனத்தின் கடைசி மூலை வரை வர்ணம் பூசி நிரப்பிவிட்டால் அது மாட்டி வைக்கிற முகம். பார்க்க அழகாக இருக்கும், பரிசும் கிடைக்கும். வேறு யாராலும் ஆட முடியாது.

இதை மற்றவர்களுக்குச் சொல்லுமுன் எனக்குச் சொல்லிக் கொள்ளவேண்டியிருந்தது. ஊருக்கு வந்ததும் என் நாவல்களில் பலரும் பாராட்டின ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். அதில் ஓர் ஓய்வுபெற்ற உபாத்தியாயர் வருகிறார். அவர் ஏன் மகனோடு பேசுவதில்லை என்பதற்கு நான் மூன்று காரணங்கள் கொடுத்திருக்கிறேன். மூன்றும் நல்ல காரணங்கள். நல்ல தமிழில் இருக்கின்றன. விமரிசகர் ஒருவர் அந்தப் பக்கங்களைத்தான் விசேஷமாகக் குறிப்பிட்டிருந்தார். படித்து முடித்தபோது எனக்குப் பேசாத தகப்பன் யாருமே ஞாபகத்துக்கு வரவில்லை. என் சொந்தத் தகப்பனார்கூட வரவில்லை. அவர் என்னோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தவர்; ஒரு காரணமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தவர். வரக்கூடாதபடி வழியை நானே அடைத்து வைத்திருக்கிறேன்.

நண்பர் முகமூடியைத் திரும்பவும் அதே இடத்தில் மாட்டியிருக்கிறார். எடுத்துவிடும்படி நான் சொல்லவில்லை. அது நல்ல கைவேலைதான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காட்டும்போது இப்பொழுதெல்லாம் அதைக் கழற்றிப் பின்பக்கத்தையும் காட்டுகிறாராம். தொழிற்சாலையில் அந்தக் கடைசல்காரரைப் பார்த்தால் நின்று, அடுத்த கூத்து எந்த ஊரில் என்று விசாரிக்கிறாராம். எழுதி முடித்து அனுப்பத் தயாராக இருந்த என் புதிய நாவலின் ஐந்தாவது அத்தியாயத்தை நான் இன்னும் அனுப்பவில்லை. அதில் ஒரு பெண் ஏன் வீட்டைவிட்டுப் போனாள் என்று நாலு பக்கம் விளக்கியிருக்கிறேன். அந்த நாலு பக்கத்தையும் எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கிறேன்.